‘ஜேசன்’ என்னும் சிறு விமானம்



இலண்டன் மாநகரின் தென் கென்சிங்டன் பகுதியிலே புகழ்பெற்ற விஞ்ஞான அரும்பொருட்சாலை ஒன்று உளது. அங்கே விமானங்களுக்கென ஒதுக்கப்பட்ட மண்டபத்திலே, பச்சை வண்ணம் பூசிய சிறு விமானம் ஒன்றைக் காணலாம். அதன் உடற்புறத்திலே வெள்ளி நிற எழுத்துக்களில் ‘ஜேசன்’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. மரச்சட்டம், ஒட்டுப்பலகை, துணி ஆகிய மூன்றுமே அதன் உடலுக்கு முக்கிய பொருள்கள். ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 30 அடி. மூக்கிலிருந்து வால் வரை 24 அடிக்குச் சற்றுக் குறைவு. இக்காலத்துப் பெரிய விமானங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சிறுவர் விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும்.

இந்தச் சின்னஞ்சிறு விமானமே 1930 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, அம்மாதம் 24 ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் வடகரையைச் சென்றடைந்தது. கடந்த தூரம் ஏறக்குறைய 11,000 மைல். அதனைத் தனியே ஓட்டிச் சென்றவர் எமி ஜோன்சன் என்னும் 26 வயது மங்கை. அவ்வழியைத் தனியே பறந்து கடந்த முதற் பெண் அவரே.

எமியின் துணிவைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர், பாடியும் இருக்கின்றனர். அவருடைய விமானத்தைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே. ஆதலால் இன்று அவ்விமானத்தின் வரலாற்றையும் அதன் ஆற்றலையும் பற்றிச் சிறிது சிந்திப்போம். ஒரேயொரு சிறிய இயந்திரத்தை உடைய, தனி ஒருவருக்குச் சொந்தமான ஒரு விமானம் பாதி உலகை எவ்வாறு கடந்தது? இதுவே நம் கேள்வி.

முதலில் அது எவ்வகை விமானம் என்பதைப் பார்ப்போம். முதலாம் உலகப்போர் முடிந்த காலத்திலே விமானம் என்பது அரசாங்கங்களுக்கும் படைகளுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. நடுத்தர வசதியுடைய ஒருவர் மோட்டார் வண்டி வாங்குவதுபோல விமானம் வாங்குவது நினைத்தற்கும் அரிய செயல். இந்நிலையை மாற்ற விரும்பியவர் ஜெப்றி டி ஹவிலண்ட் என்னும் ஆங்கிலேய விமான அமைப்பாளர். இலேசானதும், எளிதில் ஓட்டத்தக்கதும், குறைந்த செலவில் வைத்திருக்கத்தக்கதுமான விமானம் ஒன்றை அவர் அமைத்தார். 1925 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் நாள் அது முதன்முதலாக வானில் ஏறிற்று.

டி ஹவிலண்டுக்குப் பூச்சியினங்களை ஆராய்வதிலே பெரும் ஈடுபாடு உண்டு. இப்புதிய விமானத்தின் இறக்கைகளைப் பின்னோக்கி மடித்துவைக்கலாம். இறக்கையை மடித்து அமரும் விட்டிற்பூச்சியை அது அவருக்கு நினைவூட்டிற்று. ஆகவே விட்டில் எனப் பொருள்படும் ‘மொத்’ என்னும் பெயரை அதற்குச் சூட்டினார். இறக்கைகளை மடித்த பின்னர் அதனை ஒரு மோட்டார் வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் செல்லலாம். வீட்டோடு சேர்ந்த கொட்டகையிலே நிறுத்தியும் வைக்கலாம். விமானத்தைத் தனியார் உடைமையாக்கியதில் இந்த மடிப்பு இறக்கைக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில் வந்த மொத் விமானத்துக்கு 60 குதிரைவலுவுடைய இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. போரின்பின் எஞ்சிக் கிடந்த எட்டு உருளை இயந்திரங்களைப் பாதியாக்கி நான்கு உருளை இயந்திரமாக்கலாம் என்னும் சிக்கனமான எண்ணத்திலே பிறந்தது அது. பிராங் ஹல்போர்ட் என்னும் பொறியியலாளர் அதனை உருவாக்கினார். எஞ்சிய பொருள்கள் என்றோ ஒருநாள் தீர்ந்துவிடும் அன்றோ? ஆதலால் அவரே ‘ஜிப்சி’ என்னும் புதிய இயந்திரத்தை அமைத்தார். நான்கு உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும். அவற்றைக் குளிர்விப்பது எதிர்வரும் காற்று. வலு ஏறக்குறைய 100 குதிரைவலு. இதனைப் பூண்ட மொத் விமானம் ‘ஜிப்சி மொத்’ எனப்பட்டது. 1928 ஆம் ஆண்டிலே வெளிவந்த இந்த வகையைச் சேர்ந்ததே நமது ஜேசன்.

இனி அதன் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை. சந்தைக் கணக்கைவிட இது கடினமானதன்று.

ஜிப்சி மொத் மணிக்கு 100 மைலுக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடவல்லது. ஆனால் நெடும்பயணத்திலே எவரும் இயந்திரத்தை அவ்வாறு முடுக்குவதில்லை. அது களைப்பின்றி ஓடும் வேகம் மணிக்கு 85 மைல். அவ்வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 கலன் பெற்றோல் செலவாகும். அஃதாவது கலன் ஒன்றுக்கு 17 மைல். தொழிற்சாலையிலிருந்து வரும் விமானத்தின் மேலிறக்கை நடுவிலே 19 கலன் கொள்ளும் தொட்டி ஒன்று இருக்கும். 19 ஐ 17 ஆற் பெருக்கினால் வருவது ஏறத்தாழ 320 மைல். ஒரு முறை பெற்றோல் நிரப்பினால் அவ்வளவு தூரம் செல்லலாம். இங்கிலாந்துக்குள்ளே உலாவி வர இது போதும்.

ஆனால் இலண்டனிலிருந்து வியன்னாவுக்குத் தூரம் ஏறக்குறைய 800 மைல். ஒரே மூச்சில் அங்கே செல்ல வேண்டுமாயின் 47 கலன் தேவை. பெற்றோலும் பாரமுடைய பொருள் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். ஒரு கலன் பெற்றோலின் நிறை ஏறத்தாழ 7 இறாத்தல். ஆகவே 47 கலன் பெற்றோல் 330 இறாத்தல் நிறுக்கும். வளர்ந்த ஆடவர் இருவரின் நிறை அது. வெறும் விமானத்தின் நிறையோ 900 இறாத்தல் அளவினதே. இதனால், தூரம் வேண்டுவோர் வேறு ஏதேனும் ஒன்றைத் துறக்க வேண்டும். ஜேசனிலே துறக்கப்பட்டது முன்னிருக்கை. இருவர் செல்லும் விமானத்தில் முன்னே அமரவேண்டியவரின் இடத்தைப் பெற்றோல் தொட்டி பிடித்துக்கொண்டது. ஓட்டுபவர் பின்னிருக்கையிலே, கூரையில்லாத குழியொன்றுள், மழைக்கும் வெயிலுக்கும் முகம் கொடுத்து அமர்ந்திருப்பார். கீழ்த் தொட்டியிலுள்ள பெற்றோலைக் கைப்பம்பினால் மேல் தொட்டிக்கு அவரே ஏற்ற வேண்டும்.

இக்கணக்கிலே காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 500 மைல் தூரத்தை 85 மைல் வேகத்திலே கடக்க ஆறு மணி நேரம் போதும். பெற்றோல் 30 கலன். இப்பொழுது எதிரே 25 மைல் வேகத்தில் காற்று வீசுகின்றது என்று வைத்துக்கொள்வோம். விமானம் காற்றினூடே 85 மைல் வேகத்திலேயே செல்கின்றது. ஆயினும் நிலத்தை அளந்து பார்த்தால் 60 மைல் வேகமே. அதே 500 மைலுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். பெற்றோல் 42 கலன் வேண்டும். இயந்திரத்திலே யாதொரு பழுதுமில்லை, ஓட்டுபவரிடத்தும் தவறில்லை. எனினும் 12 கலன் காற்றோடு போய்விட்டது. எதிர்க்காற்றின் வேகத்தை வானிலிருந்தபடி அறிந்துகொள்ள ஜேசனிலே வழியில்லை. வானொலிக் கருவி கிடையாது. திசைகாட்டி, உயரமானி, வேகமானி, இயந்திரத்தின் சுற்றுக்களையும் எண்ணெயின் அழுத்தத்தையும் காட்டும் மானிகள், ஒரு தேசப்படச் சுருள் என்பனவே துணை.

மேலும் இயந்திரம் ஒன்றே ஒன்று. இரண்டு இயந்திரங்கள் உள்ள விமானத்திலே ஒன்று நின்றால் மற்றையது கைகொடுக்கலாம். ஒற்றை இயந்திர விமானத்திலோ, இயந்திரம் நின்ற அக்கணமே அது சறுக்கி இறங்கத் தொடங்கும். கீழே இருப்பது வயலாயின் வயலிலும், கடலாயின் கடலிலும் இறங்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு ஜிப்சி மொத்தின் சக்கரங்களுக்குத் தடை கிடையாது. நிலந்தொட்ட பின்னர் வாற்கட்டை மண்ணில் உராய்ந்தே வேகம் தணிய வேண்டும். இறங்கும் இடம் குறுகியதாயின் எதிரே நிற்பது சுவராயினும் பள்ளமாயினும் மோத வேண்டியதே.

இத்தகைய விமானத்துக்கு உரிமையாளராக வந்த எமி ஜோன்சன் யார்? இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலே 1903 ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாள் பிறந்தவர். தந்தையார் மீன் வணிகர். எமி ஷெபீல்ட் பல்கலைக்கழகத்திலே பொருளியல் கற்றுப் பட்டம் பெற்று, இலண்டனில் ஒரு சட்டத்தரணியின் காரியாலயத்திலே செயலாளராக வேலை பார்த்தார். 1928 ஆம் ஆண்டிலே விமானம் ஓட்டப் பழகத் தொடங்கினார். பத்து மணி நேரப் பயிற்சியோடு பலர் தனியே பறக்க விடப்பட்ட காலத்திலே, அவருக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் தேவைப்பட்டது. பிறவியிலேயே பறவையாய் வந்தவர் என்று அவரைச் சொல்வதற்கில்லை.

ஆனால் அவர் மற்றவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தார். பறப்பதோடு நின்றுவிடாமல் விமானக் கொட்டகைக்குள் நுழைந்தார். அங்கே பொறிவினைஞர்களோடு நின்று, கையிலும் முகத்திலும் எண்ணெய் படிய, இயந்திரத்தைக் கழற்றவும் பூட்டவும் கற்றார். 1929 டிசம்பரிலே விமானப் பொறிவினைஞருக்குரிய அரசாங்க அத்தாட்சிப் பத்திரத்தைப் பெற்றார். அதனைப் பெற்ற முதலாவது பிரித்தானியப் பெண் அவரே.

அவுஸ்திரேலியாவுக்குப் பறக்கப் போகின்றேன் என்று அவர் பொருளுதவி கேட்டபோது பலர் மறுத்துவிட்டனர். அதுவரை அவர் சென்ற மிக நீண்ட பயணம் இலண்டனிலிருந்து சொந்த ஊராகிய ஹல்லுக்கு. 150 மைல்கூட இல்லை. மொத்தமாகப் பறந்த நேரம் ஏறக்குறைய 85 மணி. மறுத்தவர்களை நாம் குறைகூற முடியுமா? இறுதியிலே சிவில் விமானத்துறைப் பணிப்பாளராயிருந்த சேர் செப்டன் பிராங்கரின் பரிந்துரையால், எண்ணெய் வணிகரான வேக்பீல்ட் பிரபு உதவ முன்வந்தார். விமானத்தின் விலை 600 பவுண். அதனைப் பிரபுவும் எமியின் தந்தையாரும் பகிர்ந்து கொடுத்தனர். வழியிலே வேண்டிய பெற்றோலையும் எண்ணெயையும் வைப்பதற்குப் பிரபு ஒழுங்கு செய்தார்.

வாங்கியது புதிய விமானமன்று. 1928 ஆம் ஆண்டிலே செய்யப்பட்டு, வேறொரு விமானவோட்டியால் ஓட்டப்பட்டு வந்த பழைய விமானம். நெடுந்தூரம் செல்வதற்கான மேலதிகத் தொட்டிகள் அதிலே இருந்தமை எமிக்கு வாய்ப்பாயிற்று. தந்தையாரின் மீன் வணிகத்துக்குரிய வியாபாரக் குறியாகிய ‘ஜேசன்’ என்பதையே அதற்குப் பெயராக வைத்தார்.

மே 5 ஆம் நாட் காலை, இலண்டனுக்கு அருகிலுள்ள குறொய்டன் விமான நிலையத்திலிருந்து ஜேசன் கிளம்பிற்று. அன்று மாலை வியன்னா, மறுநாள் கொன்ஸ்தாந்திநோப்பிள். பகல் முழுதும் பறந்த பின்னர் எமியின் வேலை முடிவதில்லை. அதன்பின்னரே இரண்டாவது வேலை தொடங்கும். பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். வடிகட்டிகளைக் கழுவ வேண்டும். தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைக்க வேண்டும். மறுநாளைக்குரிய பெற்றோலை நீரும் தூசும் புகாவண்ணம் வடித்து நிரப்ப வேண்டும். பிறகு சில மணி நேர உறக்கம். விடியுமுன் மீண்டும் பயணம்.

மூன்றாம் நாள் தௌரஸ் மலைத்தொடர் குறுக்கே நின்றது. அதன் சிகரங்கள் சில 12,000 அடிக்கும் மேலானவை. பெற்றோற் பாரம் சுமந்த ஜேசனால் முகில்களுக்கு மேலே எழ இயலவில்லை. எமி கீழே தெரிந்த புகையிரதப் பாதையைப் பற்றிக்கொண்டு, மலையிடுக்கினூடே வளைந்து வளைந்து சென்றார். ஓரிடத்திலே முகில் மூடிக்கொள்ள, பாறைச் சுவர் மிக அண்மையிலே தோன்றி மறைந்தது. விமானத்தின் உயர எல்லை இன்னதென்று புத்தகத்திலே படிப்பது ஒன்று. மலையிடுக்கிலே அதனை உணர்வது வேறொன்று.

அலெப்போவிலிருந்து பாக்தாத்துக்குச் செல்லும் வழியிலே மணற்புயல் பிடித்துக்கொண்டது. ஜேசன் கீழே உதறப்பட்டது. எமி கண்ணுக்குத் தெரியாத பாலைநிலத்திலே எப்படியோ அதனை இறக்கினார். தடையில்லாத சக்கரங்கள் காற்றிலே உருளாதவாறு பெட்டிகளை இழுத்துவந்து முட்டுக்கொடுத்தார். இயந்திரத்துள் மணல் புகாமல் மூடினார். பிறகு விமானத்தின் வாலின்மேல் அமர்ந்து, கையிலே கைத்துப்பாக்கியுடன், எங்கோ நாய்கள் குரைப்பதைக் கேட்டவண்ணம் புயல் தணியும்வரை காத்திருந்தார்.

மே 10 ஆம் நாள் கராச்சி. இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு ஆறு நாளில் வந்துவிட்டார்! இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1928 பெப்ரவரியிலே, பேட் ஹிங்கிளர் என்னும் அவுஸ்திரேலியர் இதே வழியாகத் தனியே பறந்து பதினைந்தரை நாளில் டார்வினை அடைந்திருந்தார். அவர் கராச்சிக்கு வந்து சேர்ந்த காலத்தைவிட எமியின் காலம் இரண்டு நாள் குறைவு. அதுவரை அவரைக் கவனியாதிருந்த உலகம் அன்றுதான் நிமிர்ந்து பார்த்தது. பத்திரிகைகள் முழங்கத் தொடங்கின.

சாதனை கைக்கெட்டும் தூரத்திலே நின்றது. ஆனால் காற்றின் கணக்கு அங்கேதான் குறுக்கிட்டது. கராச்சியிலிருந்து அலகபாத்தை நோக்கிப் பறந்தபோது பெற்றோல் போதாமற் போயிற்று. ஜான்சி நகரிலே படையினர் அணிவகுக்கும் திடலொன்றிலே இறங்கினார். தடையில்லா விமானம் கட்டடங்களுக்கிடையே ஓடி மோதி நின்றது, இறக்கை சிதைந்தது. உள்ளூர்த் தச்சர் ஒருவர் அதனைச் செப்பனிட்டுக் கொடுத்தார். ஐரோப்பாவிலே செய்யப்பட்ட விமானத்துக்கு வட இந்தியத் தச்சரின் உளியும் இழைப்புளியும் மருந்தாயின. மரத்தாற் செய்யப்பட்ட விமானத்தின் சிறப்பு இது. தச்சர் இருக்கும் ஊரெல்லாம் அதற்குத் தொழிற்சாலையே.

அந்த மே மாதத்திலேயே வேறு மூன்று இந்திய இளைஞர்களும் ஜிப்சி மொத் விமானங்களிலே பறந்துகொண்டிருந்தனர். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் ஒரு பரிசு அறிவித்திருந்தார். கராச்சியிலிருந்து மேற்கே சென்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தவர்களுள் ஒருவர் ஆஸ்பி எஞ்சினியர் என்னும் 17 வயது இளைஞர். இருவரும் எகிப்திலே சந்தித்தனர். ஆஸ்பியிடம் மாற்று ஸ்பார்க் பிளக் இல்லை. டாட்டா தம்மிடமிருந்தவற்றைக் கொடுத்துதவினார். பரிசை வென்றவர் ஆஸ்பி! உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பொருள் இல்லையேல் 100 குதிரைவலுவும் வீண் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

ஜேசன் கல்கத்தாவைக் கடந்து இரங்கூனை நெருங்கிய வேளை பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. எமி தேடியது நகரத்துக் குதிரைப் பந்தயத் திடல். மழையிலே கண்டு இறங்கியதோ இன்சீனிலுள்ள அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டு மைதானம். மைதானம் முடிந்தது, விமானம் நிற்கவில்லை. அப்பால் இருந்த பள்ளத்துள் மூக்கு முட்டி விழுந்தது. முகப்பு விசிறி உடைந்தது, சக்கரத் தாங்கி வளைந்தது, இறக்கை கிழிந்தது.

இத்துடன் பயணம் முடிந்தது என்று யாரும் எண்ணியிருப்பர். ஆயின் இறங்கிய இடம் தொழில்நுட்பக் கல்லூரி அன்றோ? அதன் ஆசிரியர்களும் மாணவர்களும் எமியோடு கூடி வேலையில் இறங்கினர். உடைந்த விசிறிக்குப் பதிலாக மாற்று விசிறி ஒன்றை எமி இலண்டனிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார். கிழிந்த இறக்கைக்குத் துணி எங்கே கிடைக்கும்? போருக்குப் பின் மிஞ்சிய விமானத் துணியை மலிவாக வாங்கி, அவ்வூரிலே சட்டைகள் தைத்திருந்தனர். அச்சட்டைகள் பிரிக்கப்பட்டு மீண்டும் விமானத் துணியாயின! துணியை இறுக்கிப் பிடிக்கும் ‘டோப்’ என்னும் பூச்சை உள்ளூர் மருந்துக்கடைக்காரர் கலந்து கொடுத்தார். மே 16 ஆம் நாள் ஜேசன் மறுபடி எழுந்தது.

ஆனால் நாட்கள் போய்விட்டன. ஹிங்கிளரை முந்தும் நம்பிக்கை இரங்கூன் பள்ளத்திலே புதைந்தது. பாங்கொக், சிங்கோரா, சிங்கப்பூர் என்று வழி நீண்டது. யாவாத் தீவிலே கரும்புத் தோட்டமொன்றில் இறங்கியபோது, நிலத்திலே நட்டிருந்த மூங்கிற் கழிகள் இறக்கைத் துணியைக் குத்திக் கிழித்தன. அங்கே சட்டையும் இல்லை, டோப்பும் இல்லை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்துத் துளைகளை ஒட்டினார் எமி. தீமோர்த் தீவிலே அத்தம்புவா என்னும் இடத்தைத் தேடி, பொழுது சாய்ந்த வேளையிலே வேறொரு சிற்றூரின் அருகே இறங்கினார். செய்தி அனுப்ப வழியில்லை. எமி எங்கே என்று உலகம் கலங்கியது.

இனி எஞ்சியது ஒரு தாவல். 500 மைல் அகலமான தீமோர்க் கடல். கீழே சுறாக்கள் திரியும் நீர்; இடையிலே இறங்க ஒரு திட்டுக்கூட இல்லை. இங்கேதான் ஒற்றை இயந்திரத்தின் சோதனை உச்சமடைகின்றது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,900 சுற்று வீதம் ஓடும் அந்த இயந்திரம், ஆறு மணி நேரத்திலே ஏறத்தாழ ஏழு இலட்சம் தடவை சுழல வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரு தடவை தீப்பொறி பாய்ந்து பெற்றோல் ஆவி எரிய வேண்டும். வியன்னாவிலும் அலெப்போவிலும் கராச்சியிலும், கண்ணில் உறக்கம் தள்ள, விளக்கொளியிலே துடைத்த ஒவ்வொரு பிளக்கும் அன்று தன் கடனைத் திருப்பிக் கொடுத்தது. நடுக்கடலிலே ஓர் எண்ணெய்க்கப்பலைக் கண்டார் எமி. கப்பலிலிருந்தோர் அவரைக் கண்ட செய்தியை முன்னறிவித்தனர். மே 24 ஆம் நாள் பிற்பகல் மூன்றரை மணியளவில் ஜேசன் டார்வின் நகரிலே நிலந்தொட்டது.

இப்பொழுது கணக்கை முடித்துப் பார்ப்போம். 11,000 மைல் தூரத்தை மணிக்கு 85 மைல் வீதம் வகுத்தால் ஏறக்குறைய 130 மணி நேரம். பயணம் எடுத்ததோ பத்தொன்பதரை நாள்; அஃதாவது 468 மணி நேரம். ஆக, ஜேசன் வானிலே இருந்த காலம் கால்வாசியைச் சற்றே விஞ்சியது. மற்ற முக்கால்வாசியும் நிலத்திலேயே கழிந்தது. பெற்றோல் நிரப்புவதிலும், இயந்திரம் துடைப்பதிலும், உடைந்ததை ஒட்டுவதிலும், சிறிது உறங்குவதிலும் அது சென்றது. எமி சாதனையை இழந்தது வானிலன்று. இரங்கூன் மைதானத்தின் ஓரத்திலே. அதுபோலவே அவர் டார்வினை அடைந்ததும் வானிலே காட்டிய துணிவினால் மட்டுமன்று. நிலத்திலே செய்த வேலையினாலும் ஆம்.

ஆற்றல் அட்டவணையிலே ஒரு விமானத்தின் வேகத்தையும் தூரத்தையும் உயரத்தையும் எழுதலாம். அது எத்தனை ஊர்களில் உடைந்து எத்தனை தடவை எழும் என்பதை எழுத முடியாது. உரிமையாளரின் கை எவ்வளவு அறியுமோ அவ்வளவே ஒரு சொந்த விமானத்தின் உண்மையான ஆற்றல். ஹிங்கிளர் விமானத் தொழிற்சாலையிலே பழகிய தேர்ந்த விமானவோட்டி. எமிக்கு அந்த அனுபவம் இல்லை. அக்குறையை அவர் விமானக் கொட்டகையிலே கற்ற கல்வியால் ஈடுசெய்தார்.

அதன் பின்னர் நிகழ்ந்ததையும் மறைப்பதற்கில்லை. டார்வினிலிருந்து பிறிஸ்பேன் நகருக்குச் சென்ற எமி, மே 29 ஆம் நாள் அங்கே இறங்குகையில் விமானத்தைத் திடலின் எல்லை கடந்து ஓடவிட்டார். ஜேசன் வேலியில் மோதித் தலைகீழாயிற்று. எமிக்குக் காயமில்லை. ஆனால் மேற்கொண்டு அவர் அவுஸ்திரேலியாவிலே பிறர் ஓட்டிய விமானத்திலே பயணியாகவே சென்றார். ஓய்வின்றி உழைத்த உடல் ஒருநாள் தவறியே தீரும். இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றியவர் தமக்கு ஓய்வு கொடுக்கவில்லை. பழுதுபார்க்கப்பட்ட ஜேசன் கப்பலேறி இங்கிலாந்துக்குத் திரும்பி, பின்னர் அரும்பொருட்சாலையை அடைந்தது.

மொத் குடும்பத்துக்கும் நம் நாடுகளுக்கும் தொடர்பு உண்டு. 1932 அக்டோபர் 15 ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு டாட்டா கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் சென்னை வரை எடுத்துச் சென்றார். அதற்குப் பயன்பட்டது ஜேசனின் தங்கையெனத் தகும் ‘பஸ் மொத்’ என்னும் ஒற்றை இயந்திர விமானம். 1935 நவம்பர் 27 ஆம் நாள் நமது இரத்மலானை விமானத்தளத்திலே முதன்முதலாக வந்திறங்கியதும், சென்னையிலிருந்து வந்த ஒரு பஸ் மொத் விமானமே. பெரிய விமானங்கள் பின்னால் வந்தன. வழியைத் திறந்தவை இந்த விட்டில்கள்.

எமி ஜோன்சன் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே விமானங்களை இடத்துக்கிடம் கொண்டுசெல்லும் பணியில் ஈடுபட்டார். 1941 சனவரி 5 ஆம் நாள், மோசமான காலநிலையில் தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்திலே வீழ்ந்து மறைந்தார். அவருடைய உடல் கிடைக்கவில்லை. அன்று அவர் ஓட்டிச் சென்றது இரண்டு இயந்திரங்களை உடைய விமானம் என்பது நினைந்து வருந்தத்தக்கது.

ஜேசன் மட்டும் இருக்கின்றது. அதனைப் பார்க்க வரும் சிறுவர் இதுவா அவ்வளவு தூரம் பறந்தது என்று வியப்பர். அவர்களுக்கு நாம் சொல்லத்தக்க விடை ஒன்றுண்டு. ஆம், இதுவே பறந்தது. ஆனால் ஒவ்வொரு மாலையும் இதன் அருகே ஒருவர் எண்ணெய் படிந்த கைகளோடு மண்டியிட்டிருந்தார். அதனாலேயே மறுநாட் காலை இது எழுந்தது.